டிவி சார் சொன்னால் புரியும்

வீட்டுக்குள் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று என் மனைவி லுட்கா என்னை வெளியே துரத்தினாளே, அதற்கு இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு வாய்க்கு வந்ததை முணுமுணுத்துக்கொண்டுதான் செருப்பை மாட்டினேன். டிசம்பர் மாத வார்சா. ஐந்து மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு ஜன்னலில் கண்ணாடி உடைந்து மூன்று வருஷமாக அட்டைதான் ஒட்டியிருக்கிறது. குரலை வைத்துப் பிழைக்கிற ஒரு மனுஷன் அந்தக் காற்றில் போய் நின்று புகைக்க வேண்டுமாம்.

"தொண்டையை வச்சு சம்பாதிக்கிறவன் பண்ற வேலையா இது? போ போகுஷ், வெளில போய் ஊது. ஜன்னல் திரையெல்லாம் நாறுது," என்றாள்.

என் பெயர் போகுமில் சர்னெட்ஸ்கி. பெயரைச் சொன்னால் நாய்கூடத் திரும்பாது. ஆனால் மீன் கடையில் போய் "கால் கிலோ ஹெர்ரிங் குடுங்க" என்று கேட்டுவிட்டால் போதும், வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் போலந்தில் வெளிநாட்டுப் படத்துக்கு ஆளுக்கொரு குரல் கொடுக்கிற வழக்கம் இல்லை. மொத்தப் படத்தையும் ஒரே ஆள் வாசிப்பான். அவனுக்கு லெக்டர் என்று பெயர். அசல் பேச்சு அடியில் மெலிதாக ஓடிக்கொண்டிருக்கும். அரை நொடி தள்ளி அதன் மேல் நான் போலிஷில் சொல்லிக்கொண்டே போவேன். கொலைகாரனும் நான்தான், செத்தவனும் நான்தான், செத்தவனின் விதவையும் நான்தான். பிரசவ வலியில் ஒருத்தி கத்தினால் நான் கத்த மாட்டேன். "ஐயோ, வலிக்கிறது" என்று ரயில் வருகிற நேரத்தைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவேன். நடிக்கக் கூடாது. அழுகிறவர்கள் அடியில் அழுதுகொண்டிருக்கிறார்கள், நமக்கு வெறும் சொல். வெளிநாட்டுக்காரர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எங்கள் ஜனங்களுக்கு இப்படித்தான் பிடிக்கும்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஓர் அமெரிக்கப் போலீஸ் தொடர் ஓடியது. ஊரே பார்க்கிற தொடர். அதனால் எங்கள் கட்டடத்தில் அந்த நேரத்துக்குக் கதவுக்குக் கதவு நான்தான். மூன்றாம் மாடிப் படியில் நின்று சிகரெட்டைப் பற்றவைத்தால் மேலேயும் கீழேயும் என் குரல் வந்துகொண்டிருக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது எனக்குப் பிடிக்கும்.

அன்றைய கதை எனக்கு மறந்தே போயிருந்தது. ஒரு மாதம் முன்னால், ஜலதோஷத்தோடு உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தது. ஊருக்கெல்லாம் நல்லவனான ஒரு பல் டாக்டர். வீட்டில் தன் மகளை அடித்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறான். யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு பெண் போலீஸ் அதிகாரி அடுப்படித் தரையில் அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து கேட்கிறாள், குழந்தை சொல்கிறது. வாசித்து முடித்ததும் எழுந்து போய் மூக்கைச் சிந்தினேன், அவ்வளவுதான்.

நெருப்புக் குச்சியை அணைத்துவிட்டுத் திரும்பினால், எதிர்வீட்டு வாசலில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாம் மாடி ரெமெக்கின் மகள் கிங்கா. ஏழு வயசு இருக்கும். மெல்லிய ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை, காலில் ஷூ இல்லை. செவெரினா அம்மாவின் கதவில் காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். செவெரினா அம்மாவுக்குக் காது மந்தம். அவர் டிவி வைக்கிற சத்தத்துக்கு என் குரல் டிராம் நிறுத்தம் வரைக்கும் கேட்கும். அவருக்கும் என் நன்றி.

"ஏய் பொண்ணே, தரை ஐஸா இருக்கு. இங்க உக்காந்து என்ன பண்றே?" என்றேன்.

துள்ளி எழுந்தாள். என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் நான் யாரையோ கையைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீங்க உள்ள இருக்கீங்களா, வெளில இருக்கீங்களா?"

"ரெண்டு எடத்துலயும்தான்."

"டிவி சார் நீங்கதானா?" அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்க, 'கைகளை மேலே தூக்கு' சொல்லுங்க."

சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு ஒத்துக்கொண்டாள்.

"திருடனும் நீங்கதானா?"

"ஆமா."

"போலீஸ் அக்கா?"

"அவங்களும்தான்."

"நாய்?"

"நாய்க்கு நான் தேவையில்ல. அது சொல்றது எல்லாருக்கும் புரியும்."

மற்ற குழந்தைகள் என்றால் சிரித்திருக்கும். இவள் சிரிக்கவில்லை. நான் ஏதோ முக்கியமான விஷயத்தைச் சொன்ன மாதிரி யோசித்தாள். அதற்குள் உள்ளே அந்த அமெரிக்கக் குழந்தை பேச ஆரம்பித்தது. கிங்கா என் வாயைப் பார்த்து "ஷ்ஷ்" என்று விரலை வைத்தாள். என் கட்டடத்தில், என் குரலைக் கேட்பதற்காக, என்னையே அடக்குகிறாள்!

கதவுக்குப் பின்னால் அந்தக் குழந்தை ஆங்கிலத்தில் ஏதோ கீச்சென்று சொன்னது. அதன் மேல் நான் சொன்னேன்: "அப்பா பூட்டிவிட்டுப் போய்விடுவார். நான் கத்தினால் யாருக்கும் கேட்காது." மறுபடியும் நானே, பெண் போலீசாக: "நீ சொல்வதை நான் நம்புகிறேன்."

கிங்கா திரும்பினாள். "பாத்தீங்களா? அந்தப் பொண்ணு வாய்க்குள்ளயே என்னமோ சொல்லுது. ஒருத்தருக்கும் புரியல. அப்புறம் நீங்க சொல்றீங்க. உடனே எல்லாருக்கும் புரிஞ்சிடுது. போலீஸ் வந்துடுது."

"அது அப்படி இல்லம்மா. அவ பேசறது இங்கிலீஷ்..."

"எனக்கும் சொல்லுங்க."

"உனக்கு என்னத்தச் சொல்ல?"

"நான் சொன்னா யாருக்கும் புரிய மாட்டேங்குது," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், கடையில் பாக்கிச் சில்லறை தராதவனைப் பற்றிச் சொல்கிற மாதிரி. "டீச்சர்கிட்ட சொன்னேன். ராத்திரி கனவு கண்டியான்னு கேட்டாங்க. எங்க சித்திகிட்ட சொன்னேன். அப்பா எவ்ளோ நல்லவரு, அவரைப் பத்தி அப்படிச் சொன்னா சாமி அழும்னாங்க. நான் சரியாத்தான் சொன்னேன். அவங்களுக்குத்தான் புரியல. நீங்க குனிங்க."

குனிந்தேன். என் முழங்கால் சத்தம் போட்டது. அவள் என் காதில் கையைக் குவித்துச் சொன்னாள்.

சூப்பை மிச்சம் வைத்ததற்காக அவள் அப்பா அவளைக் கீழே நிலவறையில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே ஒரு மரத்தடுப்பு அறை உண்டு, கரியும் உருளைக்கிழங்கும் ஊறுகாய் ஜாடிகளும் போட்டுவைக்க. விளக்கு பொதுவானது, ஐந்து நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். வழக்கமாகப் பூட்டுவாராம். இன்றைக்கு வெளியே யாரோ கார் கிளம்பவில்லை, தள்ள வா என்று கூப்பிட்டதில் பூட்ட மறந்து போய்விட்டார். அவள் மேலே வந்துவிட்டாள். வீட்டுக்குப் போக முடியாது, கீழே போக முடியாது, இங்கேயும் ரொம்ப நேரம் இருக்க முடியாது. கார் கிளம்பிவிட்டால் அவர் வந்துவிடுவார். இஸ்திரிப்பெட்டி ஒயரைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை.

"இப்ப சொல்லுங்க," என்றாள்.

"யாருகிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

ரெமெக் யார் என்று சொன்னால்தான் என் வாய் ஏன் அடைத்தது என்று புரியும். ரெமிகியுஷ், எலக்ட்ரீஷியன். எங்கள் கட்டடத்தில் அவன் கை படாத சுவிட்ச் கிடையாது. காசு வாங்க மாட்டான். கிழவிகளின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறுவான். ஒவ்வொரு டிசம்பர் ஆறாம் தேதியும் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியும் மாட்டிக்கொண்டு, செயின்ட் நிக்கோலஸாக வந்து கட்டடத்துக் குழந்தைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பதும் அவன்தான். போன வருஷம் என் மடியில்கூட ஒரு ஆரஞ்சுப் பழத்தைப் போட்டுவிட்டுப் போனான். அந்த மனுஷனா?

ஆனால் அவள் காலுறையின் அடிப்பாகம் நிலவறைக் கரியால் கறுத்திருந்தது. நான் சிகரெட்டை எறிந்துவிட்டு அவளை வீட்டுக்குள் கூட்டிப்போனேன்.

லுட்கா குழந்தையின் காலைப் பார்த்தாள், அடுப்பை மூட்டினாள். ராஸ்பெர்ரி சாறு ஊற்றித் தேநீர் போட்டாள். "ஸ்வெட்டர் ஈரமா இருக்கே கண்ணு, மாத்திடலாமா?" என்று கேட்டு, கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறக்கினாள். உடனே மறுபடி ஏற்றிவிட்டு, தன் சால்வையை எடுத்து அவளைச் சுற்றினாள். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முப்பது வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை.

"ஃபோனை எடு," என்றாள்.

"லுட்கா, போலீசுக்கா? பக்கத்து வீட்டுக்காரன் மேலயா? நாளைக்குப் படியில எப்படி..."

எங்கள் தலைமுறைக்கு இது ஒரு வியாதி. போலீசுக்கு ஃபோன் பண்ணுகிறவன் காட்டிக்கொடுக்கிறவன். அந்தச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் இருந்த நாற்றம் இன்னும் போகவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சி போய் எட்டு வருஷம் ஆகியும் கை தானாகப் பின்வாங்குகிறது.

"வெக்கமா இருந்தா நீ போய்த் திரைக்குப் பின்னால நில்லு. நான் பேசிக்கறேன்," என்று அவளே எண்ணைச் சுழற்றினாள். அவளைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்குத்தான் முழுசாக நன்றி சொன்னேன், மனசுக்குள்.

எங்கள் பகுதி சார்ஜென்ட் குனா வந்துசேர்ந்தார். தடித்த, தூக்கக் கலக்கமான மனுஷன். பனி அப்பிய பூட்ஸை மிதியடியில் நல்ல பிள்ளையாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர் தொப்பியைக் கழற்றுவதற்குள் திறந்த கதவு வழியாக ரெமெக்கும் வந்துவிட்டான். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு.

"அட குட்டி, இங்கயா இருக்கே? தேடாத எடம் இல்ல! மன்னிச்சுக்கங்க அக்கா, பொண்ணு தொந்தரவு பண்ணிட்டாளா? ஓ, சார்ஜென்ட்டும் இருக்காரு. என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல ரெமெக், சும்மா ஒரு விசாரிப்புதான்," என்றார் குனா. அவர் வீட்டு அழைப்பு மணியையும் இவன்தான் சரிபண்ணிக் கொடுத்திருக்க வேண்டும். குழந்தை பக்கம் திரும்பி, சத்தமாக, அப்பன் காதுபடவே கேட்டார்: "சொல்லு பாப்பா. அப்பா உன்ன அடிப்பாரா?"

இப்படிக் கேட்டால் எந்தக் குழந்தைதான் பதில் சொல்லும்! கிங்கா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெமெக் அவளைப் பார்த்துப் புன்னகைத்தபடி நின்றான். அந்தப் புன்னகையை நான் பத்து வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

"பாத்தீங்களா? குழந்தை ஒண்ணும் சொல்லலையே," என்றார் குனா. "வீட்டுக்கு வீடு நடக்கறதுதான். எங்கப்பா என்னைப் பெல்ட்டாலேயே வெளுப்பாரு. சரி ரெமெக், பொண்ணக் கூட்டிட்டுப் போ."

ரெமெக் கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் இரண்டு மாடி ஏறிப் போய்விட்டால், இனிமேல் எவனிடமும் எதுவும் சொல்ல மாட்டாள். அது எனக்குத் தெரிந்தது.

அப்போது என் சட்டைக் கையை யாரோ இழுத்தார்கள். கிங்கா. குனியச் சொல்கிறாள்.

குனிந்தேன். அவள் கிசுகிசுத்தாள். நான் நிமிரவில்லை. குனிந்தபடியே, அவள் வாய்க்கு அரை நொடி பின்னால், ஸ்டூடியோவில் எப்படி வாசிப்பேனோ அதே குரலில் சொன்னேன்:

"அப்பா என்னைக் கீழே பூட்டுவார். சூப்பை மிச்சம் வைத்தால் பூட்டுவார். படுக்கையை நனைத்தாலும் பூட்டுவார்."

குனாவின் கை தொப்பியோடு அப்படியே நின்றது. ரெமெக்தான் முதலில் சுதாரித்தான். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான்.

"சார், நீங்க பிரமாதமா வாசிப்பீங்க, இல்லேங்கல. ஆனா இது இப்பதான டிவில முடிஞ்சது! படி முழுக்கக் கேட்டுச்சே, பல் டாக்டர் கதை. சார்ஜென்ட், நீங்களும் பாத்தீங்கல்ல? கிழவர் அதையே எம் பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்துட்டாரு."

குனாவின் முகம் தெளிந்தது. "அட ஆமா. ஸ்டேஷன்ல நாங்களும் அதான் பாத்துட்டிருந்தோம். அதே குரல், அதே வசனம். சார், இதெல்லாம் விளையாட்டு இல்ல."

நாடு முழுக்க நம்புகிற குரல் என்று பீற்றிக்கொள்வேனே, அதே குரல் அந்த நிமிஷம் என்னைப் பொய்யனாக்கிவிட்டது. உண்மையைச் சொன்னாலும் தொடர் மாதிரிதான் இருக்கிறது. கத்தலாமா, அவன் சட்டையைப் பிடிக்கலாமா என்றிருந்தது. பிடித்திருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும்.

கிங்காவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். என் காதை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். நானும் சொன்னேன்.

"கீழே உருளைக்கிழங்குப் பெட்டியின் மேல் என் தலையணை இருக்கிறது. நீலத் தலையணை. அதில் வாத்துப் படம் போட்டிருக்கிறது. முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பின்னால் ஒரு வாளி இருக்கிறது, அது எனக்கு ஒன்றுக்குப் போக. ஒயர் கதவுக்கு உள்பக்கம் ஆணியில் தொங்கும். விளக்கு அணைந்ததும் நான் பாட்டுப் பாடுவேன். சத்தமாகப் பாட மாட்டேன்."

பாட்டு என்ற இடத்தில் குரல் உடையப் பார்த்தது. உடைந்தால் தொலைந்தோம். கிழவன் நடிக்கிறான் என்று அவன் சொல்லிவிடுவான், அவளும் பயந்து நிறுத்திவிடுவாள். ஆயுள் முழுக்க நடிக்காமல் இருக்கப் பழகியது எதற்கென்று எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது. மூச்சை இழுத்துப் பிடித்து, அடுத்த வரியையும் ரயில் நேரம் மாதிரியே சொன்னேன்:

"பூட்டு இப்போது திறந்துதான் இருக்கிறது. போய்ப் பாருங்கள்."

குனா ரெமெக்கைப் பார்த்தார். ரெமெக் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் கிரீஸ் கையைப் பேண்ட்டில் தேய்க்க ஆரம்பித்திருந்தான்.

"டிவில நிலவறை வரலையே," என்றார் குனா மெதுவாக. "அலமாரிதானே வந்துச்சு." பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அந்தத் தடித்த மனுஷன் முனகிக்கொண்டே இறங்கிய ஒவ்வொரு படிக்கும் நான் நன்றிக்கடன்பட்டவன். இறங்காமல் இருந்திருக்கலாம். குளிர்காலத்தில், வேலை முடிகிற நேரத்தில், பாதிப் பேர் இறங்கியிருக்க மாட்டார்கள்.

அவர் கீழே போயிருந்த நேரம்தான் நீளமாக இருந்தது. ரெமெக் கிங்காவிடம் தேன் குழைத்துப் பேசினான். "வாடா செல்லம், வீட்டுக்குப் போலாம். அம்மா வந்துடுவா." கிங்கா என் கைக்குப் பின்னால் போனாள். லுட்கா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். என் தோளுக்குக்கூட வர மாட்டாள் அவள்.

அவன் அவளைப் பார்த்து, சிரிப்பை அணைத்துவிட்டுச் சொன்னான்: "யோசிச்சுக்கங்க அக்கா. நாளைக்கு உங்க வீட்டுல ஃபியூஸ் போனா யாரைக் கூப்பிடுவீங்க?"

"இருட்டுலயே உக்காந்திருப்போம்," என்றாள் லுட்கா. "உம் பொண்ணு உக்காந்திருந்தா, நாங்க உக்கார மாட்டோமா?"

குனா திரும்பி வந்தபோது அவர் அக்குளில் ஒரு நீலத் தலையணை இருந்தது. வாத்துப் படம் அழுக்கேறி மங்கியிருந்தது. ஒரு கையில் சுருட்டிய ஒயர். அதை அவர் நீட்டிப் பிடித்திருந்தார், தன் உடம்பில் படாமல். தலையணையை மேஜை மேல் வைத்தார், ரொம்பக் கவனமாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி. பிறகு ரெமெக்கிடம் திரும்பினார். அதுவரைக்கும் 'ரெமெக், வா, போ' என்று பேசியவர்.

"மிஸ்டர் ரெமிகியுஷ், உங்க அடையாள அட்டையை எடுங்க. சுவர் பக்கமா நில்லுங்க," என்றார். எங்கள் ஊரில் ஒருத்தன் கதை முடிந்தது என்று தெரிய அந்த மரியாதை ஒன்றே போதும்.

ரெமெக்கை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போக இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். படியில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செவெரினா அம்மா "என்ன? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கிங்காவின் அம்மா இலோனா இன்னும் வரவில்லை. அவள் டிராம் ஓட்டுகிறவள், எப்போதும் சாயங்கால ஷிஃப்ட். குனா கையெழுத்துக் காகிதங்களை விரித்து உட்கார்ந்திருந்தார். தாய் வந்து, 'இதெல்லாம் பொய், என் புருஷன் தங்கம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாளை மறுநாள் அவன் திரும்பி வந்துவிடுவான். அவரும் அதை மறைக்கவில்லை. "அம்மா சொல்றதுலதான் சார் எல்லாம் இருக்கு," என்றார். கிங்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இலோனா வந்தாள். டிராம் கம்பெனிக் கோட்டு, தோளில் பனி. கீழே நின்றிருந்த குனாவின் போலீஸ் வண்டியைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. திறந்த கதவில் நின்று போலீஸ் தொப்பியைப் பார்த்தாள், லுட்காவின் சால்வைக்குள் இருந்த மகளைப் பார்த்தாள், மேஜை மேல் இருந்த தலையணையைப் பார்த்தாள்.

"இத நான் தேடிட்டிருந்தேன்," என்றாள். "துவைக்கும்போது காணாமப் போச்சுன்னு அவர் சொன்னாரு. இது இங்க எப்படி...?"

அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மகள் முன்னால் போய் நின்றாள்.

"கிங்கா? என்னடா ஆச்சு? என்கிட்ட சொல்லு."

குனா என்னைப் பார்த்தார். லுட்கா என்னைப் பார்த்தாள். நான் என் வேலைக்குத் தயாரானேன். தொண்டையைச் செருமிக்கொண்டு குழந்தை பக்கம் காதைச் சாய்த்தேன்.

சின்னதாக ஒரு சூடான கை என் கன்னத்தில் பட்டது. அவள் என் தலையை அப்பால் தள்ளினாள். மரியாதையாகத்தான் தள்ளினாள், ஆனால் தள்ளிவிட்டாள்.

"நானே சொல்றேன் டிவி சார். இது எங்கம்மா."

பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கீச்சுக் குரல், நடுங்கியது, பாதி வார்த்தையை முழுங்கியது. ஸ்டூடியோவில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளாத குரல். "அப்பா என்னக் கீழ வச்சுப் பூட்டுறாரும்மா. நீ வேலைக்குப் போனதும். நான் உன்கிட்டயும் ஒரு தடவ சொன்னேன். நீ தூக்கத்துல இருந்தே. உனக்குப் புரியல." அம்மாவின் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். "இப்பப் புரியுதாம்மா?"

இலோனா பனியோடு அப்படியே தரையில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மகளின் கரி படிந்த இரண்டு பாதங்களையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"புரியுதுடா," என்றாள். "ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. சொல்லு. எல்லாத்தையும் சொல்லு."

குனா பேனாவைத் திறந்தார். கிங்கா சொல்ல ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. ஒரு கையில் ரொட்டியும் வெண்ணெயும், வாயில் பாதி ரொட்டி, அதோடும் பேசினாள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை, 'கனவு கண்டியா' என்று கேட்கவில்லை. என் ஆயுளில் எத்தனையோ ஆயிரம் பேருக்காகப் பேசியிருக்கிறேன். என்னைத் தள்ளிவிட்டுத் தானே பேசியது அவள் ஒருத்திதான். நான் சுவரோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. அதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன், அவளுக்கும் சொன்னேன்.